வந்தியத்தேவன் யாருக்குச் சொந்தம்?

காலை அஞ்சரை மணி. சேரப்பணஞ்சேரி பஸ் ஸ்டாப். கம்பெனி பஸ் வர இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. கழுத்துல ஐ.டி. கார்டு, தோள்ல சாப்பாட்டுப் பை, கையில மொபைல். பக்கத்துல நிக்கிற ஃப்ரெண்டு ரீல்ஸ் தள்ளிக்கிட்டு இருக்கார். நீங்க மட்டும் கட்டை விரலால விறுவிறுன்னு எதையோ டைப் பண்றீங்க. 'யாருக்கு மச்சி மெசேஜ்?' என்று அவர் எட்டிப் பார்த்தால், ஸ்க்ரீன்ல வந்தியத்தேவன் குதிரையில போய்க்கிட்டு இருக்கான்!

சிரிக்காதீங்க. மேட்டர் சீரியஸானது. ஆதித்த கரிகாலன்கிட்ட ஓலை வாங்கிக்கிட்டு வந்தியத்தேவன் கிளம்பினது காஞ்சிபுரத்துல இருந்து. நீங்க நிக்கிற ரோட்டுல அப்படியே வாலாஜாபாத் பக்கம் போனா அதே காஞ்சி. ஆனால், கல்கி கதையை ஆரம்பிக்கிறது ஆடிப்பெருக்கு அன்னிக்கு, வீராணம் ஏரிக்கரையில. காஞ்சிக்கும் வீராணத்துக்கும் நடுவுல அந்தக் குதிரை எங்கே தண்ணி குடிச்சது? எந்தச் சத்திரத்துல படுத்தான்? எவன்கிட்ட வம்பு வளர்த்தான்? அதையெல்லாம் கல்கி விலாவாரியா எழுதலை. அந்த இடைவெளியில நீங்க புகுந்து ஒரு கதை எழுதினால், அதுக்குப் பேர்தான் ஃபேன் ஃபிக்‌ஷன். தமிழில் ரசிகர் கதைன்னு வெச்சுக்கலாம்.

'அடுத்தவர் கதாபாத்திரத்தை வெச்சு எழுதறது திருட்டு இல்லையா?', 'இதனால பைசா பிரயோஜனம் உண்டா?', 'கம்பெனிக்காரன் கேஸ் போட்டுட்டா?' - இப்படி வரிசையா கேள்விகள் வரும். ஒண்ணொண்ணா பார்த்துடலாம், வாங்க!

புதுசு இல்லை பாஸ், ரொம்பப் பழசு!

ரசிகர் கதை என்றதும் ஹாரி பாட்டர் கோஷ்டியோட கண்டுபிடிப்புன்னு நினைச்சுடாதீங்க. இளங்கோவடிகள் சிலப்பதிகாரம் எழுதினார். கோவலன் செத்தாச்சு, மதுரை எரிஞ்சாச்சு, கதை முடிஞ்சாச்சு. 'சரி, மாதவியோட பொண்ணு என்ன ஆனா?' என்று கேட்டு எழுதினவர் சீத்தலைச் சாத்தனார். அதுதான் மணிமேகலை. இன்னிக்கு ரெண்டையும் இரட்டைக் காப்பியம்னு சேர்த்துப் படிச்சு மார்க் வாங்கறோம்!

வால்மீகி கதையைக் கம்பர் தமிழுக்குக் கொண்டுவந்தபோது தன் மண்ணையும் தன் மனசையும் சேர்த்துத்தான் கொண்டுவந்தார். புதுமைப்பித்தன் 'சாபவிமோசனம்' எழுதினார். ராமன் கால் பட்டுக் கல்லிலிருந்து பெண்ணான அகலிகை, சீதையை அதே ராமன் தீக்குளிக்கச் சொன்னான் என்று கேள்விப்பட்டதும் மறுபடியும் கல்லாகிறாள். பழைய கதையை நேசிக்கிறவனாலதான் அதுகிட்ட இப்படிச் சண்டையும் போட முடியும்.

ஆக, இன்னொருத்தர் கதைக்குள்ள நுழையறது நம்ம ஊர்ல பரம்பரை வழக்கம். நடுவுல புதுசா வந்து சேர்ந்தது ஒண்ணே ஒண்ணுதான்... காப்புரிமை!

கல்கி திறந்து வெச்ச கதவு

'பொன்னியின் செல்வன்' 1950-லிருந்து 1954 வரை 'கல்கி' பத்திரிகையில தொடரா வந்தது. முடிஞ்சதும் வாசகர்கள் சும்மா விடலை. அவன் என்ன ஆனான், இவள் யாரைக் கட்டிக்கிட்டாள்னு துளைச்சு எடுத்துட்டாங்க. கல்கி தனியா ஒரு முடிவுரை எழுதிப் பதில் சொன்னார். அதுல ஒரு அழகான விஷயம் உண்டு. பின்னால் நடந்ததையெல்லாம் சுருக்கமா சொல்லிட்டு, இதையெல்லாம் வெச்சு வேற எழுத்தாளர்கள் நாவல்கள் எழுதுவாங்கன்னு நம்பிக்கை தெரிவிச்சு முடிக்கிறார். 'என் ஏரியாவுக்குள்ள யாரும் வரக்கூடாது'ன்னு வேலி போடலை. கதவைத் திறந்து வெச்சுட்டுப் போனார்.

அந்த வருஷம் டிசம்பர்லயே அவர் காலமாகிவிட்டார். ஆனா, கதவு வழியா ஆட்கள் வந்துக்கிட்டே இருந்தாங்க. விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' எழுதினார். அனுஷா வெங்கடேஷ், 'பொன்னியின் செல்வன்' முடிஞ்ச இடத்துல இருந்து 'காவிரி மைந்தன்' எழுதினார். கரிகாலனைக் கொன்றது யார் என்ற பழைய கேள்விக்கு 'சங்கதாரா'வில் வேற ஒரு பதில் சொன்னார் காலச்சக்கரம் நரசிம்மா. இவங்க எல்லாருமே முதல்ல வாசகர்கள். ராத்திரி கண் முழிச்சுப் படிச்சு, முடிஞ்சுபோச்சேன்னு ஏங்கினவங்க.

1999-ல், கல்கியின் நூற்றாண்டு நேரத்துல, தமிழக அரசு அவரோட எழுத்துகளை நாட்டுடைமை ஆக்கியது. அதாவது, அவர் எழுதினதை யாரும் அச்சடிக்கலாம், நாடகம் போடலாம், தொடர்ச்சி எழுதலாம். யார்கிட்டயும் பர்மிஷன் கேட்கவேண்டாம். அதே வருஷம் சென்னையில 'மேஜிக் லேன்டர்ன்' நாடகக் குழு, நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துல 'பொன்னியின் செல்வன்' நாடகத்தை மேடையேத்தியது. அதுக்கு நாடக வடிவம் கொடுத்தவர் இளங்கோ குமரவேல். இருபத்துமூணு வருஷம் கழிச்சு, 2022 செப்டம்பர் 30-ம் தேதி மணிரத்னத்தோட படம் ரிலீஸ் ஆச்சே... அதன் திரைக்கதையிலும் குமரவேல் பேர் இருந்தது!

எம்.ஜி.ஆர். 1958-லேயே எடுக்கறேன்னு அறிவிச்சு, எடுக்க முடியாமப் போன படம் அது. நடுவுல அறுபது வருஷத்துக்கு மேல அந்தக் கதையை யார் உயிரோட வெச்சிருந்தாங்க? பைண்டிங் பண்ணின பழைய 'கல்கி' இதழ்களைப் பொண்ணுக்கும் பேத்திக்கும் கொடுத்த வீட்டுப் பெண்கள், 'பூங்குழலி'ன்னு குழந்தைக்குப் பேர் வெச்ச அப்பாக்கள், தொடர்ச்சி எழுதினவங்க, நாடகம் போட்டவங்க. கோடிக்கணக்குல பணம் போட்டு எடுத்த படத்துக்கு ரெடிமேட் கூட்டத்தைச் சேர்த்துக் கொடுத்தது இவங்கதான். இதுக்கெல்லாம் யாரும் சம்பளம் வாங்கலை.

இதனால என்ன பிரயோஜனம்?

வீட்டுல கேட்பாங்க. முதல் பதில், தொழில் பழகலாம். ஒரு ட்ரெயினியை முதல் நாளே புது மெஷின் டிசைன் பண்ணச் சொல்ல மாட்டாங்க இல்லையா? ஏற்கெனவே ஓடற மெஷின்ல நிக்க வெப்பாங்க. ரசிகர் கதையும் அப்படித்தான். ஆட்கள் ரெடி, ஊர் ரெடி, பகை ரெடி. நீங்க பண்ண வேண்டியது ஒரு காட்சியை நகர்த்தறது, ஒரு வசனத்தைப் பேச வைக்கிறது. அது கைவந்தா, அடுத்தது உங்க சொந்தக் கதை.

ரெண்டாவது, உடனே படிக்க ஆள் கிடைக்கும். புது எழுத்தாளரோட 'ரமேஷ்-சுரேஷ்' கதையைப் படிக்க யாரும் வரிசையில நிக்க மாட்டாங்க. குந்தவைன்னு சொல்லிப் பாருங்க, ஹாஸ்டல் ரூமே கூடும். 'குந்தவை இப்படிப் பேச மாட்டாளே'ன்னு ஒருத்தி முகத்துக்கு நேரா சொல்லுவா. எந்தக் கோர்ஸ்லயும் கிடைக்காத பாடம் அது.

மூணாவதுதான் ரொம்ப முக்கியம். மூலக்கதையில ஓரத்துல நிக்கிறவங்களுக்கு ரசிகர் கதையில நாற்காலி கிடைக்கும். ஊமை ராணி மந்தாகினியால பேச முடியாது. அவள் மனசுக்குள்ள ஓடினது என்ன? உலகம் பூரா ரசிகர் கதை எழுதறவங்கள்ல பெண்கள்தான் அதிகம். காரணம் தெரியுது இல்லையா? ஹீரோ பார்வையில ஆயிரம் கதை படிச்சு அலுத்துப்போய், 'ஏம்ப்பா, அவ என்ன நினைச்சான்னு யாராவது கேட்டீங்களா?'ன்னு பேனா எடுத்தவங்க அவங்க.

கம்பெனிக்காரங்களோட மூணு முகம்

இப்போ பிசினஸுக்கு வருவோம். ரசிகர் கதை எழுதறவங்களைக் கம்பெனிகள் மூணு விதமா நடத்தியிருக்காங்க.

முதல் முகம், வக்கீல் நோட்டீஸ். 2007 துர்கா பூஜை நேரம். கொல்கத்தா சால்ட் லேக்ல ஒரு பூஜை கமிட்டி, ஹாரி பாட்டர் படிக்கிற ஹாக்வார்ட்ஸ் மாளிகை மாதிரியே பந்தல் போட்டுச்சு. ரௌலிங் தரப்பும் வார்னர் பிரதர்ஸும் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய் 20 லட்சம் ரூபாய் நஷ்டஈடு கேட்டாங்க. லாபத்துக்காக நடத்தற விழா இல்லைங்கறதால பந்தலைப் பிரிக்கச் சொல்லலை கோர்ட். ஆனா, இனிமே அனுமதி இல்லாம செய்யாதீங்கன்னும் சொல்லிடுச்சு. மூங்கிலும் துணியும் வெச்சு அன்பைக் காட்டினவங்களுக்குக் கிடைச்ச பரிசு, கோர்ட் சம்மன்!

ரெண்டாவது முகம், கண்டும் காணாம விடறது. ஜப்பான்ல 'காமிக்கெட்'னு ஒரு சந்தை. ரசிகர்கள் தாங்களே வரைஞ்சு அச்சடிச்ச காமிக்ஸை விக்கிற இடம். 1975-ல சில நூறு பேரோட ஆரம்பிச்சது, பிறகு லட்சக்கணக்கானவங்க கூடற திருவிழாவா வளர்ந்தது. அங்கே விக்கிற பல புத்தகங்கள் பிரபல காமிக்ஸ் பாத்திரங்களை வெச்சு வரைஞ்சவைதான். பெரிய பதிப்பகங்கள் பெரும்பாலும் கண்டுக்கறதில்லை. நாளைய ஓவியர்கள் அங்கேதான் கை பழகறாங்கன்னு அவங்களுக்குத் தெரியும். நம்ம ஊர்லயும் பாருங்க. 'கைதி', 'விக்ரம்', 'லியோ'ன்னு லோகேஷ் கனகராஜ் ஒரே உலகத்துக்குள்ள படங்களைக் கோத்ததும், 'டில்லியும் ரோலக்ஸும் மோதினா..?'ன்னு ரசிகர்கள் ஆளுக்கொரு கதை எழுதித் தள்ளினாங்க. படக் கம்பெனிக்கு அது ஓசி விளம்பரம். எதுக்கு நோட்டீஸ் அனுப்பணும்?

மூணாவது முகம்தான் நீங்க உஷாரா இருக்க வேண்டியது. சிரிச்ச முகம்!

பில் இல்லாத ஜாப் ஒர்க்

ஒரகடம் பக்கம் இருக்கிற உங்களுக்கு ஜாப் ஒர்க் பத்தி விளக்கவே வேண்டாம். பெரிய கம்பெனி மெட்டீரியல் கொடுக்கும், டிராயிங் கொடுக்கும். சின்னப் பட்டறை கடைஞ்சு, துளை போட்டு, பாலீஷ் பண்ணித் திருப்பிக் கொடுக்கும். பொருள் அவங்களோடது, உழைப்பு இவங்களோடது. ஆனா, கடைசியில ஒரு பில் உண்டு.

2007-ல அமெரிக்காவுல 'ஃபேன்லிப்'னு ஒரு கம்பெனி, முதலீட்டாளர் பணத்தோட வந்து, 'உங்க ரசிகர் கதையெல்லாம் எங்ககிட்ட கொண்டாங்க'ன்னு கூப்பிட்டுச்சு. ரசிகர்கள் விதிமுறைகளைப் படிச்சுப் பார்த்துக் கொதிச்சாங்க. வருமானம் வந்தா கம்பெனிக்கு, வழக்கு வந்தா எழுதினவர் தலையில! பில் இல்லாத ஜாப் ஒர்க். அடுத்த வருஷமே அந்தக் கடை மூடப்பட்டது. ஆனா, ரசிகர்கள் கோபத்தோட நிக்கலை. அதே 2007-ல லாப நோக்கமில்லாத ஒரு அமைப்பைத் தொடங்கினாங்க. விளம்பரம் இல்லாம, நன்கொடையில ஓடற ஒரு கதைக் களஞ்சியத்தைத் தாங்களே கட்டினாங்க. 'ஆர்கைவ் ஆஃப் அவர் ஓன்' என்ற அந்தக் களஞ்சியத்துக்கு 2019-ல ஹ்யூகோ விருதே கிடைச்சது. அறிவியல் புனைகதை உலகத்துல அது எவ்வளவு பெரிய விருதுன்னு விசாரிச்சுப் பாருங்க.

2013-ல அமேசான் வேற ரூட் எடுத்தது. சில டி.வி. தொடர்கள், நாவல்களோட உரிமையாளர்கள்கிட்ட அனுமதி வாங்கி, 'கிண்டில் வேர்ல்ட்ஸ்'னு ஒண்ணு ஆரம்பிச்சு, ரசிகர் கதைகளைக் காசுக்கு வித்தது. எழுதினவருக்கும் பங்கு உண்டு. நல்லதுதானே? அங்கேதான் பொடி எழுத்து. நீங்க கதையில புதுசா ஒரு பாத்திரத்தை உருவாக்கினால், அதை மூல உரிமையாளர் உங்களுக்குத் தனியா காசு தராமலே பயன்படுத்திக்கலாம்னு விதி. 2018-ல அந்தக் கடையையும் மூடிட்டாங்க.

எல்லாருக்கும் நஷ்டம்தானான்னா, அதுவும் இல்லை. 'ட்வைலைட்' நாவலோட ரசிகை ஒருத்தர் எழுதின ரசிகர் கதைதான், பேர்களை மாத்தி 2011-ல 'ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே'வா வந்தது. அந்த வரிசை 10 கோடி பிரதிகளுக்கு மேல வித்தது. ஆனா, அப்பவும் ரசிகர்கள் நடுவுல ஒரு முணுமுணுப்பு: 'நாங்க படிச்சு, திருத்தி, தட்டிக்கொடுத்து வளர்த்த கதை... இப்ப காசு அவருக்கு மட்டும்!' நண்பர்களுக்கு நடுவுல சும்மா கொடுத்து வாங்கின விஷயத்துல பணம் புகுந்தால், முதல்ல அடிபடறது நட்புதான்.

கொஞ்சம் நம்ம ஏரியாவையே பாருங்க. ராயல் என்ஃபீல்டு 2013-ல ஒரகடத்துல ஃபேக்டரி திறந்தது. அதுக்கு எத்தனையோ வருஷம் முன்னாடியிலிருந்தே புல்லட் ரசிகர்கள் சீட்டை மாத்தி, ஹேண்டில் பாரை மாத்தி, டேங்க்ல பெயின்ட் அடிச்சுத் தங்கள் ஆசையை இரும்புல எழுதிக்கிட்டு இருந்தாங்க. 2020-ல அதே கம்பெனி 'மேக் இட் யுவர்ஸ்'னு, வண்டி வாங்கும்போதே உங்க இஷ்டத்துக்கு மாத்திக்கிற வசதியைக் கொண்டுவந்தது. ரசிகனோட பழக்கம் கம்பெனியோட சரக்காச்சு. இதுல தப்பு ஒண்ணுமில்லை. ஆனா, ஐடியா எந்தப் பக்கத்துல இருந்து எந்தப் பக்கத்துக்குப் போச்சுங்கறதை ரசிகன் தெரிஞ்சு வெச்சுக்கணும்.

பாட்டு யாரோடது?

'சட்டம்னா சட்டம்தானே'ன்னு சொல்றவங்களுக்கு ஒரு நிஜக் கதை. பாரதியார் பாடல்களை ரெக்கார்டு போடற, ஒலிபரப்பற உரிமை ஏ.வி. மெய்யப்பன்கிட்ட இருந்தது. காசு கொடுத்து முறைப்படி வாங்கினதுதான். 1948-ல டி.கே.எஸ். சகோதரர்கள் 'பில்ஹணன்' படத்துல பாரதி பாட்டைச் சேர்க்க, விவகாரம் வழக்காச்சு. ஊரே பொங்கிடுச்சு. 'தேசத்துக்குப் பாடினவர் பாட்டு ஒரு கம்பெனிக்குச் சொந்தமா?' 1949-ல ஓமந்தூரார் அரசு அந்த உரிமைகளை வாங்கியது. மெய்யப்பனும் காசு வாங்காமலே விட்டுக்கொடுத்தார். பிறகு பாரதி எல்லாருக்கும் பொதுவானார். ஒரு கவிஞரோட எழுத்தை அரசே வாங்கி மக்களுக்குக் கொடுத்த அந்த வழியிலதான் பிற்பாடு கல்கியும் வந்தார். உரிமை வெச்சிருக்கிறவர், நேசிக்கிற கூட்டம் - ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசினா வழி பிறக்கும்கறதுக்கு நம்ம ஊரே சாட்சி.

கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி...

எழுத உட்கார்ந்துட்டீங்களா? இந்த அஞ்சையும் நோட் பண்ணிக்குங்க.

1. மூலம் பொதுவா, தனியாரா? இந்தியாவுல எழுத்தாளர் இறந்து 60 வருஷம் வரைக்கும் காப்புரிமை உண்டு. நாட்டுடைமை ஆனவை விதிவிலக்கு. கல்கியோட வந்தியத்தேவன் உங்களுக்கும் சொந்தம். சுஜாதா 2008-ல மறைந்தார். சட்டக் கணக்குப்படி 2068 முடியற வரைக்கும் கணேஷ்-வசந்த் உங்களுக்குச் சொந்தமில்லை. ஆசைக்கு எழுதி நண்பர்கள்கிட்ட காட்டறது வேற, அச்சடிச்சு விக்கிறது வேற.

2. நாவல் வேற, படம் வேற. கல்கியோட எழுத்துதான் பொது. படத்துல வந்த வசனம், இசை, ஸ்டில்ஸ் எல்லாம் தயாரிப்பாளருக்குச் சொந்தம். உங்க கதைக்கு அட்டைப்படம்னு த்ரிஷா ஸ்டில்லைத் தூக்கி வெச்சுடாதீங்க.

3. விமர்சனத்துக்குச் சட்டத்துல இடம் உண்டு. தோப்பில் பாஸியோட புகழ்பெற்ற மலையாள நாடகத்துக்கு எதிர்நாடகம் எழுதினார் சிவிக் சந்திரன். வழக்கு வந்தது. 1996-ல கேரள உயர் நீதிமன்றம், விமர்சிக்கறதுக்காக மூலத்தோட பகுதிகளை எடுத்தாண்டதைத் தப்புன்னு சொல்லலை. அப்படியே காப்பி அடிக்கிறதுக்கு இந்தச் சலுகை கிடைக்காது.

4. பொடி எழுத்தைப் படிங்க. 'கதைப் போட்டி'ன்னு யார் கூப்பிட்டாலும், உரிமை யாருக்கு, எத்தனை வருஷத்துக்கு, படமோ வெப் சீரிஸோ எடுத்தா உங்களுக்கு என்ன, ஏ.ஐ.க்குப் பயிற்சி கொடுக்க உங்க எழுத்தைத் தூக்கிக் கொடுப்பாங்களா - இதெல்லாம் பார்த்துட்டுத்தான் 'ஓ.கே.' அழுத்தணும். வேலைக்குச் சேரும்போது ஆர்டரைப் படிக்காம கையெழுத்துப் போடுவீங்களா?

5. கடனைச் சொல்லுங்க. முதல் வரியிலேயே 'இது கல்கியின் பாத்திரங்களை வைத்து எழுதியது' என்று போடுங்க. திருத்திக் கொடுத்த தோழி பேரையும் போடுங்க. இதுக்குக் காசு செலவில்லை. ஆனா, இந்த ரெண்டு வரி இல்லாமப் போறதாலதான் பாதிச் சண்டை.

பஸ் வந்தாச்சு!

ஹாரன் சத்தம் கேக்குதா? மொபைலைப் பாக்கெட்ல போடுங்க. எட்டு மணி நேரம் லைன்ல நிப்பீங்க. அங்கே உங்க கைபட்டு நகர்ற ஒவ்வொரு பொருளும் இன்னொருத்தரோட டிராயிங், இன்னொருத்தரோட பிராண்டு. அதுக்குக் கூலி வாங்கறீங்க. நியாயமான கணக்கு.

ஆனால், பஸ் ஸ்டாப்ல அந்தப் பத்து நிமிஷம் நீங்க எழுதினது எந்த கம்பெனி கணக்கிலயும் வராது. அதை நண்பர்களுக்குச் சும்மா கொடுக்கணும்னா சந்தோஷமா கொடுங்க, அதுல ஒரு கௌரவம் இருக்கு. விக்கணும்னா விலை பேசி வில்லுங்க, அதுலயும் கௌரவம் இருக்கு. உங்களுக்கே தெரியாம இன்னொருத்தர் கல்லாவுக்குப் போறதுதான் கூடவே கூடாது.

காஞ்சியில கிளம்பின குதிரை இன்னும் வீராணம் போய்ச் சேரலை. சாயங்காலம் ஷிஃப்ட் முடிஞ்சு வந்து அதுக்குத் தண்ணி காட்டுங்க. ஓலை இப்போ உங்க கையில!